சின்னதாகத் தோற்பது

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ‘தொழிலதிபர்’ என்று போட்டிருக்கிறார்கள். செயலாளர் தம்பி பாசத்தில் செய்துவிட்டார். பண்ருட்டியில் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதையும் ஐந்து வருடமாக என் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் காலையில் போய் ஊதுவத்தி கொளுத்துவேன், போணி ஆகும்வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். அதன் பிறகு ‘அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க’ என்பாள். வந்துவிடுவேன்.

பேச்சுக்குத் தலைப்பு ‘வெற்றிக்கு வழி’ என்று கொடுத்திருந்தார்கள். மாற்றச் சொல்லிக் கேட்டேன். அச்சாகிவிட்டது என்றார்கள். அச்சானதை நான் மதிக்கிறேன், ஆனால் பேசப்போவது தோற்பதைப் பற்றி. வெற்றி எனக்குக் கேள்விஞானம். தோல்வியில் சொந்த அனுபவம் இருக்கிறது. வியாபாரம், விளையாட்டு, வீடு என்று மனசில் பட்டதையெல்லாம் சொல்வேன். ஆராய்ச்சி எதுவும் கிடையாது. ஒரு கடைக்காரனின் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஊருக்கு நாலு தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. நன்றாகப் பேசுகிறார்கள், என்னைவிட நன்றாகச் சட்டை போடுகிறார்கள். எல்லாருமே ஒன்றைச் சொல்கிறார்கள்: விழுவது தப்பில்லை, எழாமல் கிடப்பதுதான் தப்பு. நாமும் கைதட்டுகிறோம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. திண்ணையிலிருந்து விழுந்தவன் எழுந்துவிடுவான். பனைமரத்திலிருந்து விழுந்து கிடப்பவனிடம் போய் ‘எழுந்திரு’ என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஏனென்றால் நான் பனைமரத்திலிருந்து விழுந்தவன்.

2004-இல் எனக்கு நாற்பத்தாறு வயது. அப்பா வைத்துவிட்டுப் போன கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பத்தடிக்குப் பதினெட்டடி கடை. முன்னால் சாக்குகள், மேலே தொங்கும் பாக்கெட் சரங்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் பற்று நோட்டுகள். ஊருக்கு ஊர் பெரிய பெரிய டிபார்ட்மென்டல் ஸ்டோர்கள் வந்துகொண்டிருந்த நேரம். நமக்கு என்ன குறைச்சல் என்று ஒரு எண்ணம் வந்தது. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, மெயின் ரோட்டில் வாடகைக்கு இடம் பிடித்து, ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, கம்ப்யூட்டர் பில், தள்ளுவண்டிக் கூடை எல்லாம் வாங்கிவிட்டேன். திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் ஒரு காட்சியைக் கவனித்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே படியில் வரிசையாகச் செருப்புகள். உள்ளே வந்தவர்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள். கோயிலுக்கு வந்த மாதிரி. எங்களிடம் இருபது வருஷமாகச் சாமான் வாங்கிய ஜனங்கள்தான். பழைய கடையில் ‘அண்ணே, கால் கிலோ துவரம்பருப்பு, நோட்டுல எழுதிக்கோ’ என்று அதட்டலாகக் கேட்டவர்கள், இங்கே வந்தால் மெதுவாகப் பேசுகிறார்கள். அடுத்த மாதம் அவர்களும் வரவில்லை. ஏ.சி.க்குக் கரண்ட் பில் வந்தது. பதினாலு மாதத்தில் மூடினேன். நஷ்டம் ஒன்பது லட்சம். அடைக்க ஏழு வருஷம் ஆயிற்று. மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் என் மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அந்தத் தோல்விக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இடம் சரியில்லை, நேரம் சரியில்லை, வாஸ்து சரியில்லை. கண்ணாடிக் கதவு ஒத்துவரும் என்று நான் நினைத்தது தப்புக் கணக்குத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தப்புக் கணக்கு எல்லாரும் போடுவதுதான். என் தவறு, அந்தத் தப்பு ஒன்பது லட்ச ரூபாய் அளவுக்குப் பெரிதாக இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டது. பழைய கடை வாசலிலேயே ஒரு கண்ணாடிக் கதவை மாட்டிப் பார்த்திருந்தால் அந்தச் செருப்புகளை எட்டாயிரம் ரூபாய் செலவில் பார்த்திருப்பேன்.

என் அப்பா அப்படித்தான். புதுச் சரக்கு எது வந்தாலும், ஏஜெண்ட் என்ன தள்ளுபடி சொன்னாலும், முதலில் ஒரு மூட்டைதான் எடுப்பார். ‘ஏம்ப்பா, அஞ்சு மூட்டை எடுத்தா மூட்டைக்கு இருபது ரூவா கம்மியாம்’ என்று நான் சொன்னால், ‘ஒரு மூட்டைய எலி தின்னா தாங்கும்டா. அஞ்சு மூட்டைய எலி தின்னா நாம எலியத்தான் திங்கணும்’ என்பார். அப்போது அது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அவருக்கு விஸ்தரிக்கத் தெரியவில்லை என்றுகூட வெளியில் சொல்லியிருக்கிறேன். இந்த மேடையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருவர். பணக்காரர்கள் டப்பாவிலும் பாட்டிலிலும் வாங்குவதையெல்லாம் சின்னப் பொட்டலமாக்கிக் கூலிக்காரனும் வாங்கும்படி செய்ய வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் வெல்வெட் ஷாம்பு. பிறகு அவருடைய மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் வீட்டைவிட்டு வெளியே வந்து, 1983-இல் 15,000 ரூபாயில் தனியாகத் தொடங்கினார். அப்பாவின் பெயரிலிருந்து எடுத்த ‘சிக்’ என்பதே ஷாம்புவின் பெயர். அதுதான் பிற்பாடு கெவின்கேர் ஆயிற்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் 15,000 எத்தனை கோடி ஆயிற்று என்ற இடத்தில் குரலை உயர்த்துவார்கள். நான் கடைக்காரன், எனக்கு அந்தப் பாக்கெட்டின் இந்தப் பக்கம்தான் தெரியும். ஷாம்பு அன்றைக்கு என்ன பொருள்? சீயக்காய் போட்டுத் தலை குளிக்கிற வீட்டில் ஒரு அம்மா ஷாம்பு பாட்டில் வாங்குகிறாள் என்றால் அது துணிச்சல். முடி கொட்டினால்? வாசனை பிடிக்காவிட்டால்? மாமியார் திட்டினால்? பாட்டில் முழுக்க வீண். பாக்கெட் வந்ததும் அந்தப் பயம் போயிற்று. பிடிக்காவிட்டால் போவது ஒரு தலைக்குளியலும் கொஞ்சம் சில்லறையும்தான். அந்தப் பாக்கெட்டில் அடைத்து விற்றது ஷாம்புவை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் தாங்கக்கூடிய அளவுக்குத் தோல்வியையும் அளந்து அதில் அடைத்திருந்தார்கள். ஜனங்கள் அதைத்தான் வாங்கினார்கள்.

எண்பதுகளில் சிக் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். எங்கள் தெருப் பிள்ளைகள் குப்பைமேட்டைக் கிளறி, ஆற்றங்கரையில் குளிக்கிற இடமெல்லாம் தேடி, கழுவிக் காயவைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவருவார்கள். ஐந்து ஐந்தாக எண்ணி வாங்குவது என் வேலை. நாலு பாக்கெட்டோடு வந்து ‘அண்ணே, ஒண்ணு நாளைக்குத் தரேன்’ என்று கடன் சொன்ன பையன் ஒருவன் இருந்தான். இன்றைக்கு அவன் பெரிய மரவேலைக் காண்ட்ராக்டர். கொஞ்ச நாளில் திட்டம் மாறியது: சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம். அதற்குள் ஜனங்கள் சிக் போட்டுக் குளிக்கப் பழகியிருந்தார்கள்.

அந்தப் பாக்கெட்டுகள் எங்கள் கடை வாசல் சாக்கடையை எத்தனை முறை அடைத்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மழைக்கும் கையை விட்டு எடுத்தவன் நான். சின்னதாக விற்பதால் வருகிற குப்பை சின்னதாக இருப்பதில்லை. அந்தக் கணக்கை யாரும் இன்னும் சரியாக முடிக்கவில்லை.

இங்கே ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். ‘எல்லாவற்றையும் பணயம் வைத்து ஜெயித்தவர்களும் இருக்கிறார்களே’ என்கிறார். இருக்கிறார்கள். ஆர்.ஜி. சந்திரமோகனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தங்கல்காரர். 1970-இல், இருபத்தொரு வயதில், குடும்பச் சொத்தை விற்று வந்த 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தார். அதுதான் அருண் ஐஸ்கிரீம், அதுதான் ஹட்சன். சொத்தை விற்றது பெரிய பந்தயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். இருபத்தொரு வயதில் 13,000 போனால் அதைச் சம்பாதிக்க இன்னும் நாற்பது வருஷம் கையில் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் வீட்டுப் பத்திரத்தை வைத்த எனக்கு அது இல்லை. இரண்டாவது, அவர் பிறகு செய்ததைப் பாருங்கள். சென்னையில் பெரிய பெரிய பெயர்களோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டே இருக்காமல், அவர்கள் சட்டை செய்யாத சின்ன ஊர்களுக்குப் போனார். சின்ன ஊரில் தோற்றால் சத்தம் வெளியே கேட்காது. ஜெயித்தாலும் முதலில் கேட்காது. எதிராளிக்குக் கேட்கும்போது நேரம் கடந்திருக்கும்.

சரி, வியாபாரம் போதும். இனி எனக்குப் பிடித்த சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பொங்கல் என்றால் கபடி. முந்திரிக் காட்டுக்கு நடுவில் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, டியூப் லைட் கட்டி, விடிய விடிய நடக்கும். நான் பார்த்தவரையில் உலகத்திலேயே தோல்வியைப் பற்றி ஆழமாக யோசித்து விதி எழுதிய விளையாட்டு கபடிதான். கிரிக்கெட்டில் அவுட் ஆனவன் போய் உட்கார்ந்தால் அந்த இன்னிங்ஸுக்கு அவன் வரமாட்டான். கபடியில் அவுட் ஆனவன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் பக்கத்து ஆள் ஒருவன் எதிராளி ஒருவனை அவுட் ஆக்கினால் இவன் எழுந்து உள்ளே வரலாம். கிராமத்தில் இதைச் ‘செத்தவன் பொழச்சான்’ என்போம். வேறு எந்த விளையாட்டில் இந்தக் கருணை இருக்கிறது? நாம் விழுந்தால் எழுவது நம்முடைய தன்னம்பிக்கையால் மட்டும் என்பதெல்லாம் சும்மா. பாதி நேரம் கூட இருக்கிறவன் யாரையாவது தொட்டுவிட்டு வருவதால்தான் நாம் எழுகிறோம். என் ஒன்பது லட்சத்தில் மூன்று லட்சத்தை என் மைத்துனர் வட்டி இல்லாமல் கொடுத்தார். நான் எழுந்தேன் என்பதைவிட அவர் எனக்காக ஒரு ரெய்டு போய்வந்தார் என்பதே சரி.

இன்னும் கேளுங்கள். ரெய்டு போகிறவனுக்கு முப்பது விநாடி. யாரையும் தொடாமல், பிடிபடாமல் திரும்பி வந்தால் அது வெறும் ரெய்டு. புள்ளி இல்லை, ஆனால் இழப்பும் இல்லை. பார்க்கிறவர்கள் கத்துவார்கள், ‘என்னடா, சும்மா போய்ட்டு வர்றான்’ என்று. சும்மா போய்வரவில்லை. எதிர்ப்பக்கத்து ஓரத்து ஆள் எந்தக் காலை முன்னால் வைக்கிறான், சங்கிலி போடுகிற இரண்டு பேரில் யார் முதலில் பாய்வான் என்று பார்த்துவிட்டு வருகிறான். ஆனால் அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளவும் முடியாது. புரோ கபடியில் ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை. புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். எனக்கு இந்த விதியின்மேல் பெரிய மரியாதை உண்டு. சின்னதாகத் தோற்பது என்று நான் சொல்வதைப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு முறை பார்த்துவிட்டு வரலாம். மூன்றாவது முறை தொட வேண்டும்.

அதைவிட அழகு சூப்பர் டேக்கிள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது வருகிறவனைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு. ஆள் குறைந்தவனுக்குக் கூடுதல் கூலி. அரசாங்கங்கள் யோசிக்காததைக் கபடி யோசித்திருக்கிறது.

புரோ கபடியில் நான் தமிழ் தலைவாஸ் ரசிகன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017-இல் அணி வந்தது. அரையிறுதியை எட்டியது 2022-இல் நடந்த ஒன்பதாவது சீசனில். நடுவில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆகவே தோல்வியைப் பற்றிப் பேசுவதற்கான தகுதிச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. இந்தியாவே தோற்றதையும் பார்த்திருக்கிறேன். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து தங்கம் நம் வீட்டுச் சொத்து மாதிரி இருந்தது. 2018-இல் ஜகார்த்தாவில் ஈரான் அரையிறுதியில் ஆண்கள் அணியை வீழ்த்தியது, பெண்கள் அணியையும் இறுதியில் மூன்று புள்ளியில் வீழ்த்தியது. அடுத்த ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கமும் திரும்பி வந்தன. நடுவில் என்ன செய்தார்கள் என்று எனக்கு உள்விவரம் தெரியாது. ஆனால் அதுவரை யாரும் நம்மை ஜெயிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த விளையாட்டைக் கொஞ்சம் பயத்தோடு ஆடினார்கள் என்பது டி.வி.யிலேயே தெரிந்தது.

கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. டெஸ்ட் மேட்ச் டிரா ஆவதைப் பார்த்தால் என் மகளுக்குச் சிரிப்பு. ‘அஞ்சு நாள் ஆடி ஒண்ணும் இல்லையா?’ என்பாள். 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டது. அன்றைக்கு என் கடையில் துக்க வீடு. ஆனால் யோசித்துப் பாருங்கள். 36-க்குச் சுருண்டாலும் அது ஒரு டெஸ்ட் தோல்விதான். அசிங்கமாகத் தோற்றாய் என்று இரண்டாகக் கணக்கு வைப்பதில்லை. அடுத்ததை மெல்போர்னில் ஜெயித்தார்கள். சிட்னியில் கடைசி நாள், ஐந்து விக்கெட் போன பிறகு ஹனுமா விஹாரியும் நம் சென்னை அஸ்வினும் நின்றார்கள். விஹாரிக்குத் தொடையில் காயம், ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகு. இரண்டு பேரும் ஏறக்குறைய 43 ஓவர் அடிவாங்கிக்கொண்டு நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23 ரன், அஸ்வின் 128 பந்தில் 39. மேட்ச் டிரா. அடுத்து பிரிஸ்பேனில் ஜெயித்துத் தொடரை 2-1 என்று முடித்தார்கள். பிரிஸ்பேனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த 161 பந்துகள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. கடனை அடைத்த ஏழு வருஷமும் நான் அப்படித்தான் ஆடினேன். ஒரு ரன்னும் எடுக்கவில்லை, ஆனால் அவுட் ஆகவில்லை.

இனி ஆனந்த். செஸ் எனக்குக் காய் நகர்த்தும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் விஸ்வநாதன் ஆனந்த் எப்படித் தோற்பார் என்பதை நான் கவனித்து வந்திருக்கிறேன்.

2010-இல் உலகப் பட்டத்துக்கான போட்டி பல்கேரியாவில், சோபியா நகரத்தில். எதிராளி டோபலோவ், அந்த நாட்டுக்காரர். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பா முழுக்க விமானம் ஓடவில்லை. ஆனந்த் பிராங்பர்ட்டில் மாட்டிக்கொண்டார். கடைசியில் காரில் கிளம்பி நாடு நாடாகத் தாண்டி ஏறக்குறைய நாற்பது மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார்கள். ஒரு நாள்தான் கொடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? எரிமலையைத் திட்டியிருப்போம். ஒரு நாள் கொடுத்தவர்களைத் திட்டியிருப்போம். ஊர் சாமியையும் சேர்த்துத் திட்டியிருப்போம். அவர் இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தார். நடுவில் முன்னேறி, எட்டாவதில் மறுபடி தோற்று, கடைசி ஆட்டத்துக்குச் சமமாக வந்து, பன்னிரண்டாவது ஆட்டத்தைக் கறுப்புக் காயில் ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்தார். முதல் ஆட்டத் தோல்வியும் பன்னிரண்டில் ஒன்றுதான். முதலில் வந்ததால் அது பெரிதாகிவிடாது. இது கணக்கு வாத்தியாருக்குத் தெரியும், நம் மனசுக்குத்தான் தெரியாது.

2013-இல் சென்னையிலேயே, சொந்த ஊரில், கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். பன்னிரண்டு ஆட்டம் என்று வைத்த போட்டி பத்திலேயே முடிந்துவிட்டது. ஆனந்த் கதை முடிந்தது என்றார்கள். நானும் சொன்னேன். அடுத்த மார்ச்சில், யாரும் எதிர்பாராமல், கேண்டிடேட்ஸ் போட்டியை ஜெயித்து மறுபடி அதே கார்ல்சன்முன் போய் உட்கார்ந்தார். மறுபடியும் தோற்றார். அதற்குப் பிறகும் ஆடினார். 2017 டிசம்பரில், நாற்பத்தெட்டு வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வாங்கினார். தோற்பதற்கென்று ஒரு கட்டணம் உண்டு என்றால், அவர் ஒவ்வொரு முறையும் சரியாக அந்தத் தொகையை மட்டும் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மேலே ஒரு பைசா கட்டவில்லை. மனுஷன் தோற்றுவிட்டு வந்து சாப்பிட்டிருப்பார், தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். நாம்தான் ஒரு ரூபாய்த் தோல்விக்குப் பத்து ரூபாய் கட்டிவிட்டு மீதியைக்கூடக் கேட்காமல் வருகிறோம்.

2013-இல் அந்தச் சென்னைப் போட்டி கண்ணாடித் தடுப்புக்குள் நடந்தது. வெளியே இருந்து பார்த்த கூட்டத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். பதினொரு வருஷம் கழித்து 2024 டிசம்பரில், சிங்கப்பூரில், டிங் லிரனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆன குகேஷ்தான் அவர். அந்தப் போட்டியிலும் முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றார், அதுவும் வெள்ளைக் காயில். பதினெட்டு வயது. அன்றைக்கு இரவு எங்கள் தெருவில் ஒருவர், ‘சின்னப் பையன், தாங்க மாட்டான்’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார். மூன்றாவது ஆட்டத்தில் கணக்கு சமமாயிற்று. அதன் பிறகும் பன்னிரண்டாவதில் ஒரு தோல்வி உண்டு. பதினாலாவதில் முடித்தார்.

இதைச் சொல்லும்போது எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாளில் எந்த வீட்டில் என்ன நடக்குமோ என்று நான் கடையில் பயந்துகொண்டே இருப்பேன். செஸ்ஸுக்குப் பதினாலு ஆட்டம் வைத்திருக்கிறார்கள். கபடியில் செத்தவனைப் பிழைக்கவைக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் ஒரே ஆட்டம் என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோம். துணைத் தேர்வு என்று ஒன்று இருப்பதைச் சொல்லும்போதே நம் குரல் இறங்கிவிடுகிறது. அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்று இங்கே இருக்கிற பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், நேரமாகிவிட்டது. செயலாளர் வாட்சைப் பார்க்கிறார்.

என் மனைவி தோசை வார்க்கும்போது முதல் தோசையை உள்ளங்கை அளவுக்குத்தான் ஊற்றுவாள். கல் காய்ந்திருக்கிறதா, எண்ணெய் போதுமா, மாவு புளித்துவிட்டதா என்று அதில் பார்த்துக்கொள்வாள். ஒட்டிக்கொண்டால் சுரண்டிக் காக்காய்க்கு வைத்துவிடுவாள். அடுத்த தோசை பெரிதாக வரும். நாற்பத்திரண்டு வருஷமாக அவள் வார்த்த தோசையைச் சாப்பிடுகிறேன். 2004-இல் அந்தக் கண்ணாடிக் கதவை மாட்டும்போது எனக்கு இது தோன்றவில்லை. முதல் தோசையையே நான் நெய் ரோஸ்ட்டாக ஊற்றினேன்.

கைமாற்றுக்கும் இதே கணக்குத்தான். சொந்தக்காரர் பணம் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சிரித்த முகத்தோடு போய் மொய் எழுத முடிகிற அளவுக்குத்தான் கொடுப்பேன். பத்தாயிரம் கேட்டவருக்கு மூவாயிரம் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். மூவாயிரம் வரவில்லை, உறவு இருக்கிறது.

சண்டையும் அப்படித்தான். வீட்டில் தினம் சின்னதாக ஒன்றில் தோற்றுவிடுவேன். ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், குழம்புக்குப் புளி எவ்வளவு, மாமியார் வீட்டு விசேஷத்துக்கு எந்த பஸ்ஸில் போவது, இதிலெல்லாம் நான் வாயே திறப்பதில்லை. ‘ஏங்க, உங்களுக்கு ஒரு அபிப்பிராயமே கிடையாதா?’ என்பாள். இருக்கிறது, இதோ ஒரு மணி நேரமாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே. இத்தனை சின்னத் தோல்விகளைச் சேமித்து வைத்திருந்ததால்தான், பத்திரத்தை அடகு வைத்ததை அவளிடம் சொன்ன ராத்திரி அவள் என்னை வெளியே துரத்தவில்லை என்று நம்புகிறேன். அவளிடம் கேட்டால் வேறு காரணம் சொல்லக்கூடும். முன்வரிசையில்தான் இருக்கிறாள், கூட்டம் முடிந்ததும் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு செய்தி. போன மாதம் மகள் கடையில் சிறுதானிய நூடுல்ஸ் வைக்கலாம் என்றாள். பண்ருட்டியில் எவன் இதை வாங்குவான் என்றேன். ஏஜெண்ட் பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்று நின்றார். அவள் ஒரே ஒரு பெட்டி எடுத்தாள். பெட்டிக்கு இருபத்துநாலு பாக்கெட். நேற்று ராத்திரி கணக்குப் பார்த்தோம். ஒன்பது விற்றிருக்கிறது. இரண்டை எலி கடித்துவிட்டது.